ஆபீஸ் காப்பியரில் டேப்லெட் மாதிரித் தொடுதிரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலுவலகங்களில் காப்பியர்களை அமைத்துக் கொடுப்பதும் அவற்றைப் பயன்படுத்தச் சொல்லிக் கொடுப்பதும் என் வேலை. புதுத் தொடுதிரை இயந்திரம் வந்து இறங்கியதும் எல்லா இடத்திலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. பயன்படுத்துகிறவர்கள் கேட்பவை, இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருப்பவர்கள் கேட்பவை, இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

டேப்லெட் மாதிரித் திரை என்று எதைச் சொல்கிறீர்கள்?

1959-இல் வந்த ஜெராக்ஸ் 914-இல் எத்தனை நகல் வேண்டும் என்று திருகி வைக்க ஒரு டயல் இருந்தது. தொடங்க ஒரு பட்டனை அழுத்த வேண்டும். பின்னால் வந்த இயந்திரங்களில் எண் பலகை வந்தது, பட்டன்கள் பெருகின, சின்ன எல்சிடி திரை சேர்ந்தது. அதன்பின் தொடுதிரை வந்தாலும் அது அழுத்தினால்தான் கேட்கும். திரை முழுக்கப் பொடி எழுத்தில் டேப்கள் (பிரிவுத் தலைப்புகள்), ஒவ்வொன்றுக்கும் உள்ளே இன்னொரு அடுக்கு.

இப்போது பார்ப்பது வேறு ரகம். ரிக்கோ, கானன், கொனிகா மினோல்டா போன்றவர்களின் பெரிய இயந்திரங்களில் 10.1 அங்குலத் திரை வருகிறது. ரிக்கோவின் பலகை ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்டது. ஜெராக்ஸ் நிறுவனமும் 2017-இல் இந்தப் பாணித் திரையோடு ஒரே வீச்சில் 29 மாடல்களை இறக்கியது. ஐகான்களைத் தட்டலாம், விரலால் நகர்த்தலாம், வேண்டாததை எடுத்துவிட்டு வேண்டியதை முன்னால் வைக்கலாம். பல மாடல்களில் எண் பலகையும் பச்சை ஸ்டார்ட் பட்டனும் திரைக்குள்ளேயே போய்விட்டன.

கைபேசி மாதிரியேதான் இருக்கிறது. ஆனாலும் ஏன் இதன் முன்னால் ஆட்கள் தடுமாறுகிறார்கள்?

கைபேசி உங்களுடையது. அதில் எது எங்கே இருக்கிறது என்பது கைக்குப் பழகிவிட்டது. காப்பியர் எல்லோருக்கும் பொது. சிலர் தினமும் வருவார்கள், சிலர் மாதத்துக்கு ஒருமுறை வருவார்கள். வருகிறவர் நின்றுகொண்டிருக்கிறார், ஒரு கையில் காகிதக் கட்டு, கூட்டம் தொடங்க ஐந்து நிமிடம்தான் இருக்கிறது, பின்னால் இன்னொருவர் காத்திருக்கிறார். இரண்டு கையும் ஓய்வாக, உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கும் சாதனத்துக்கு உருவான திரைப் பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்தால் சிக்கல் வரத்தான் செய்யும்.

இது புதிய பிரச்சினையும் இல்லை. 1980-களின் தொடக்கத்தில் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் லூசி சச்மன் என்ற மானுடவியலாளர் இதைக் கூர்ந்து ஆராய்ந்தார். பெரிய பச்சைப் பட்டனை அழுத்தினால் போதும் என்று விளம்பரப்படுத்தப்பட்ட காப்பியர் ஒன்று அப்போது இருந்தது. ஆட்களை இருவர் இருவராக காப்பியர் முன்னால் நிற்கவைத்து, அவர்கள் பேசிக்கொள்வதையும் செய்வதையும் வீடியோவில் பதிவு செய்தார். கணினி அறிவியலில் பெரும் பெயர் பெற்ற ஆலன் நியூவெல், இன்னொரு ஆய்வாளரோடு சேர்ந்து இருபக்க நகல் எடுக்கத் திணறிய பதிவும் உண்டு. அவர்களுக்கு அறிவு போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

சச்மன் கண்டது இதைத்தான்: மூடி திறந்ததா, பட்டன் அழுந்தியதா என்பது போன்ற சில சமிக்ஞைகள் மட்டுமே இயந்திரத்துக்குத் தெரிகின்றன. எதிரே நிற்பவர் குழம்பிப்போய்த் தவறான வழியில் போய்க்கொண்டிருப்பது அதற்குத் தெரிவதில்லை. அது தன் போக்கில் அடுத்த படியைச் சொல்லும், இவரும் சரியாகத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொள்வார். திரை எவ்வளவு பளபளப்பாக மாறினாலும் இந்த இடைவெளி இன்னும் அடைபடவில்லை. ஒரு காப்பியர் திரையை மதிப்பிடும்போது நான் முதலில் பார்ப்பதும் இதைத்தான். ஐகான் அழகு அப்புறம்.

அப்படியானால் பழைய பட்டன்களே மேலா?

இரண்டு மூன்று வேலைகளுக்கு மட்டும் ஆமாம். எண்ணைப் போடுவது, தொடங்குவது, நிறுத்துவது. இந்த மூன்றிலும் நிஜப் பட்டனை வெல்ல எந்தத் திரையும் வந்துவிடவில்லை என்பது என் கருத்து.

இருபத்தைந்து நகல் வேண்டும் என்று வையுங்கள். பட்டன் இயந்திரத்தில் 2, 5, பச்சை. மூன்று அழுத்தல், கண்ணைக் காகிதத்திலிருந்து எடுக்க வேண்டியதில்லை. ஐந்தாம் எண் பட்டனில் இருக்கும் சின்ன மேடு விரலுக்கு வழி காட்டிவிடும். பல டேப்லெட் திரைகளில் முதலில் 'காப்பி' ஐகானைத் தட்ட வேண்டும். பிறகு '1' என்று காட்டும் கட்டத்தைத் தட்டினால் எண் பலகை எழும்பும். 2, 5, ஓகே, பின்பு ஸ்டார்ட். வேலை இரட்டிப்பாகிறது, ஒவ்வொரு தட்டலுக்கும் கண் திரையில் இருந்தாக வேண்டும்.

நிறுத்துவது இன்னும் முக்கியம். தவறான காகிதத்தில் இருநூறு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போது 'ஸ்டாப்' எங்கே என்று தேடும் நிலை வரக்கூடாது. சில மாடல்களில் அது வேலை நடக்கும்போது மட்டும் எழும்பும் ஒரு சின்னப் பெட்டிக்குள் இருக்கிறது. யாராவது திரையை வேறு பக்கம் நகர்த்திவிட்டால் அதுவும் மறைந்துவிடும். ஸ்டாப் எப்போதும் ஒரே இடத்தில், ஒரே நிறத்தில் இருக்கும் இயந்திரத்தையே நான் பரிந்துரைக்கிறேன்.

மற்ற வேலைகளில் திரைதான் மேல். எந்த ட்ரேயில் எந்த அளவுக் காகிதம், ஸ்டேபிள் எந்த மூலையில் விழும், காகிதம் எங்கே சிக்கியிருக்கிறது, இதையெல்லாம் படமாகக் காட்ட முடிவது பெரிய வசதி. காகிதம் சிக்கும்போது 'இந்தக் கதவைத் திற, இந்தப் பச்சை நெம்புகோலைச் சாய்' என்று அசைபடமாகக் காட்டும் திரைகள் எத்தனையோ சர்வீஸ் அழைப்புகளைத் தவிர்த்திருக்கின்றன. 'ஜாம் 23' என்று குறியீட்டை மட்டும் காட்டிய பழைய பலகைக்குத் திரும்ப எனக்கு ஆசையில்லை.

எண் பலகையைத் தனி உதிரியாக வாங்கிப் பொருத்த சில மாடல்கள் இடம் கொடுக்கின்றன. நாள் முழுக்க எண்ணும் கடவுச்சொல்லும் போடும் இடமாக இருந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

இருபக்க நகல் எடுத்தால் பின்பக்கம் தலைகீழாக வருகிறது. திரையில் எதை மாற்ற வேண்டும்?

இங்கே இயந்திரம் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். மூலத்தாள் ஒருபக்கமா இருபக்கமா, வரவேண்டிய நகல் ஒருபக்கமா இருபக்கமா, தாள் எந்த விளிம்பில் புரளும். மூன்றாவதில்தான் பெரும்பாலும் பிசகு. புத்தகம் மாதிரிப் பக்கவாட்டில் புரள வேண்டுமா, சுவர்க் காலண்டர் மாதிரி மேல்நோக்கிப் புரள வேண்டுமா என்று ஒரு தேர்வு இருக்கும். பல திரைகளில் அது 'இருபக்கம்' என்ற ஐகானுக்குள்ளே, 'மற்றவை' என்ற இன்னொரு தட்டலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்.

அதோடு, மூலத்தாளை நீங்கள் எந்தத் திசையில் வைத்தீர்கள் என்ற கேள்வியும் உண்டு. தாளின் தலைப்பகுதி உள்பக்கம் பார்க்கிறதா, இடது பக்கம் பார்க்கிறதா என்பதைத் திரையில் தவறாகக் குறித்திருந்தால், புரளும் விளிம்பை எவ்வளவு சரியாகத் தேர்ந்தெடுத்தாலும் பின்பக்கம் தலைகீழாகத்தான் வரும். முதலில் திசையைச் சரிபாருங்கள், பிறகு விளிம்பு.

நல்ல திரை இவற்றைச் சொல்லாக மட்டும் காட்டாமல், நீங்கள் தேர்ந்தெடுக்கத் தேர்ந்தெடுக்க மாறும் சிறு படமாகக் காட்டும். உங்கள் இயந்திரத்தில் முன்னோட்ட வசதி இருந்தால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எப்படியும் நாற்பது செட் எடுப்பதற்கு முன் ஒரு செட் எடுத்துப் பாருங்கள். 'மாதிரி நகல்' என்ற தேர்வே பல இயந்திரங்களில் இருக்கிறது. முதல் செட்டை வெளியே தள்ளிவிட்டு உங்கள் ஒப்புதலுக்காக நிற்கும்.

எனக்கு முன்னால் எடுத்தவர் வைத்த செட்டிங்கில் என் நகல் வந்துவிடுகிறது. இது திரையின் கோளாறா?

கோளாறு இல்லை, அமைப்பில் கவனம் இல்லை. ஒருவர் போன பிறகு குறிப்பிட்ட நேரம் யாரும் தொடாவிட்டால் இயந்திரம் பழைய நிலைக்குத் திரும்பும். பலவற்றில் அந்த நேரம் ஒரு நிமிடத்தை ஒட்டி வைக்கப்பட்டிருக்கும், மாற்றிக்கொள்ளலாம். கூட்டம் அதிகமுள்ள இடத்தில் ஒரு நிமிடத்துக்குள் அடுத்தவர் வந்துவிடுவார். குறைத்துவிட்டாலோ, கட்டைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருப்பவர் போட்டு வைத்த செட்டிங் எல்லாம் கண்முன்னே அழிந்துபோகும்.

என் வழி இது: நேரத்தைக் குறைக்காதீர்கள். 'ரீசெட்' ஐகான் எல்லாத் திரையிலும் கண்ணில் படும்படி வையுங்கள், தொடங்குமுன் அதை ஒருமுறை தட்டும் பழக்கத்தை எல்லோருக்கும் சொல்லுங்கள். கார்டைக் காட்டி இயந்திரத்துக்குள் நுழையும் (லாகின்) முறை இருந்தால் இந்தத் தொல்லையே இருக்காது. ஒருவர் வெளியேறியதும் எல்லாம் துடைக்கப்பட்டுவிடும்.

தட்டினால் பதியவே மாட்டேன் என்கிறது. சில நேரம் வேறு எதையோ திறக்கிறது. ஏன்?

முதலில் உங்கள் திரை எந்த வகை என்று பாருங்கள். பழைய வகை ரெசிஸ்டிவ். மேல் ஏடு அழுந்திக் கீழ் ஏட்டைத் தொட்டால்தான் பதியும். நகம், பேனா மூடி, கையுறை எதுவானாலும் சரி, ஆனால் அழுத்த வேண்டும். டேப்லெட் பாணித் திரைகள் பெரும்பாலும் கெபாசிட்டிவ். விரல் மின்புலத்தில் ஏற்படுத்தும் மாற்றத்தை உணர்கின்றன. மெல்லத் தொட்டாலே போதும், ஆனால் சாதாரணக் கையுறைக்கும் நகத்துக்கும் பேனாவுக்கும் மசியாது. ஈர விரலாலும், திரையில் இருக்கும் நீர்த்துளியாலும் தப்புத்தப்பாகப் பதியும். நாளெல்லாம் காகிதம் புரட்டி வறண்டுபோன விரல் நுனிக்கும் சில நேரம் அடம் பிடிக்கும். நுனியால் குத்தாமல் விரலின் சதைப்பகுதியால் தொட்டுப் பாருங்கள்.

வேறு எதையோ திறப்பதற்குப் பெரும்பாலும் தாமதம்தான் காரணம். நீங்கள் தட்டியதும் திரை அசையவில்லை. பதியவில்லை என்று நினைத்து மறுபடி தட்டுகிறீர்கள். அதற்குள் புதுப் பக்கம் வந்து, இரண்டாவது தட்டல் அங்கே அதே இடத்தில் இருந்த வேறொரு ஐகானில் விழுகிறது. தட்டும்போது ஓசை எழுப்பும் அமைப்பை அணைத்து வைத்திருந்தால் உடனே திறந்துவிடுங்கள். முதல் தட்டல் பதிந்ததா என்பது காதுக்குத் தெரிந்துவிட்டால் இரண்டாவது தட்டலே இருக்காது.

துடைக்கும்போது திரவத்தைத் துணியில் தெளித்துத் துடையுங்கள், திரைமேல் நேராகத் தெளிக்காதீர்கள். விளிம்பு வழியே உள்ளே இறங்கினால் பலகையையே மாற்ற வேண்டி வரலாம்.

தூக்கத்திலிருந்து எழுந்திருக்க இவ்வளவு நேரமா?

இரண்டு தனித்தனித் தாமதங்கள் இதில் கலந்திருக்கின்றன. திரையும் கணினிப் பகுதியும் எழுவது ஒன்று. டோனர் என்ற மைப்பொடியைக் காகிதத்தில் உருக்கி ஒட்டும் ஃபியூசர் சூடேறுவது இன்னொன்று. அது 150 டிகிரி செல்சியஸுக்கு மேல் போக வேண்டும். திரை விழித்தவுடன் தாளை வைத்து எண்ணைப் போட்டு ஸ்டார்ட் தட்டிவிடலாம். ஸ்கேன் செய்ய ஃபியூசர் தேவையில்லை, மூலத்தாள்களைப் படித்து வைத்துக்கொண்டு சூடேறியதும் அச்சிடும். ஸ்கேன் மட்டும் என்றால் சூடேறும் வரை காத்திருக்கவே வேண்டாம். ஆள் அருகில் வருவதை உணர்ந்து எழும் சென்சார் உள்ள மாடல்களும் இருக்கின்றன.

முகப்புத் திரையில் என்னென்ன வைக்கலாம்? பொறுப்பு என்னிடம் இருக்கிறது.

உங்கள் கையில் இருப்பது பெரிய அதிகாரம். ஒரு காப்பியர் எளிதா கடினமா என்பதைப் பாதி தீர்மானிப்பது தயாரித்த நிறுவனம், மீதியை முகப்புத் திரையை அமைப்பவர். ஆனால் பெரும்பாலான இடங்களில் பெட்டியிலிருந்து வந்தபடியே விட்டுவிடுகிறார்கள். இணைய உலாவி, விட்ஜெட், ஆப் கடை, யாருமே தொடாத பத்து ஐகான்கள், இவற்றுக்கு நடுவே 'காப்பி' எங்கேயோ இருக்கும்.

முதலில் என்ன வேலை நடக்கிறது என்று பாருங்கள். இயந்திரத்தின் வேலைப் பதிவைத் திறந்தால் ஒரு மாதத்தில் எத்தனை நகல், எத்தனை ஸ்கேன், எத்தனை ஃபேக்ஸ் என்று தெரிந்துவிடும். அரைமணி நேரம் பக்கத்தில் நின்று பார்த்தால் இன்னும் தெரியும். பல இடங்களில் நான்கைந்து வேலைகளே திரும்பத் திரும்ப நடக்கும். அவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய ஐகான். மீதியை இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளுங்கள், அழிக்க வேண்டாம்.

அடுத்தது பெயர். 'ப்ரோகிராம் 3' என்று இருந்தால் யாருக்கும் பயனில்லை. 'அடையாள அட்டை, இரண்டு பக்கமும் ஒரே தாளில்' என்று வையுங்கள். 'இருபக்கம், ஸ்டேபிளோடு' என்று வையுங்கள். பெயரைப் படித்தாலே என்ன வெளியே வரும் என்று தெரிய வேண்டும். அந்த ஐகானைத் தட்டியதும் எல்லா செட்டிங்கும் தயாராக இருக்க வேண்டும், ஸ்டார்ட் மட்டும் மிச்சம்.

வைத்த இடத்தை மாற்றாதீர்கள். பயன்படுத்துகிறவரின் கை இடத்தைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. முகப்பை யார் வேண்டுமானாலும் நகர்த்தலாம் என்று திறந்து விடாமல் பூட்டுங்கள். கார்டு போட்டு நுழையும் இடமென்றால் ஆளுக்கொரு முகப்பு கொடுக்க முடியும். அப்போதும் பொதுவான நான்கைந்து ஐகான்கள் எல்லோருக்கும் ஒரே இடத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒருவருக்கு இன்னொருவர் வழி சொல்ல முடியாது.

இரண்டு மூன்று காப்பியர்கள் இருந்தால் எல்லாவற்றிலும் ஒரே முகப்பு. அமைப்பைக் கோப்பாக எடுத்து இன்னொன்றில் ஏற்றும் வசதி பலவற்றில் உண்டு.

ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்ப முகவரியைத் தட்டச்சு செய்வது பெரும்பாடாக இருக்கிறது.

நின்றபடி, சாய்ந்த கண்ணாடியில், ஒற்றை விரலால் மின்னஞ்சல் முகவரி அடிப்பது யாருக்குமே கஷ்டம்தான். ஒரு புள்ளி தவறினால் அனுப்பியது வந்து சேராது, அதைவிட மோசம், வேறொருவருக்குப் போய்விடும். தட்டச்சையே தவிர்க்கும் வழியைத் தேடுங்கள். கார்டு போட்டு நுழைந்தவருக்கு 'எனக்கே அனுப்பு' என்று ஒரு ஐகான். அலுவலக முகவரிப் பட்டியலோடு இணைப்பு, இரண்டு மூன்று எழுத்து அடித்தால் பெயர் வந்துவிட வேண்டும். அடிக்கடி அனுப்பும் இடங்கள் முன்கூட்டியே பதிவாகியிருக்க வேண்டும். எச்பியின் சில மாடல்களில் இழுத்து அடிக்க நிஜ விசைப்பலகையே இருக்கிறது. நிறைய அனுப்பும் அலுவலகத்துக்கு அது அருமையான ஏற்பாடு.

அனுப்புவதற்கு முன் பெறுநர் பெயரைத் திரையில் பெரிதாகக் காட்டி ஒப்புதல் கேட்கும் அமைப்பு இருந்தால் திறந்து வையுங்கள். ஒரு தட்டல் கூடினாலும் பரவாயில்லை.

பார்வை குறைந்தவர்களுக்கும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கும் இந்தத் திரை ஒத்துவருமா?

ஒத்துவரச் செய்யலாம், தானாக ஒத்துவராது. பட்டன் போய்க் கண்ணாடி வந்ததில் அதிகம் இழந்தவர்கள் பார்வையற்றவர்கள். பட்டனைத் தடவி எண்ணித் தெரிந்துகொள்ள முடிந்தது, வழவழப்பான கண்ணாடியில் தடவ எதுவும் இல்லை. ஐந்தாம் எண்ணில் மேடு வைத்த தனி எண் பலகை, குரலில் சொல்லும் வசதி, காப்பியர் திரையைத் தன் கணினியிலிருந்தே இயக்கும் தொலைப் பலகை வசதி ஆகியவை இவர்களுக்கு அவசியம். தொலைப் பலகை பலவற்றில் உள்ளே இருந்தும் அணைத்தே கிடக்கிறது.

உயரத்தைப் பொறுத்தவரை, அமெரிக்காவின் 2010 ஏடிஏ (மாற்றுத்திறனாளிகள் சட்டம்) விதிகள் கை எட்டும் உச்ச உயரமாக 48 அங்குலத்தை, அதாவது சுமார் 122 சென்டிமீட்டரை வைத்திருக்கின்றன. எங்கே இருந்தாலும் இது நல்ல அளவுகோல். திரை கீழ்நோக்கிச் சாயும்படி இருக்க வேண்டும். உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குக் கூரை விளக்கின் பிரதிபலிப்பு மட்டுமே தெரிந்தால் எட்டியும் பயனில்லை. நீங்களே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள், உடனே புரியும்.

ஐகான் அளவுக்கு ஆண்ட்ராய்டு சொல்லும் குறைந்தபட்சம் 48 டிபி (அதன் திரை அளவு அலகு), திரையில் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். நின்றபடி அவசரத்தில் தொடும் காப்பியருக்கு அதைவிடப் பெரிதாகவே வேண்டும் என்பேன். எழுத்தைப் பெரிதாக்குவது, நிற வேறுபாட்டைக் கூட்டுவது ஆகியவை முகப்பிலேயே ஒரு தட்டலில் கிடைக்கட்டும். தானாகத் திரும்பும் நேரம் முடியப்போகும்போது 'இன்னும் நேரம் வேண்டுமா' என்று கேட்கவும் வேண்டும். மெதுவாகச் செய்பவர் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்குவது நியாயமே இல்லை.

இரண்டு விரலால் பெரிதாக்குவது, இழுப்பது எல்லாம் தேவையா?

முன்னோட்டத்தில் பக்கங்களைப் புரட்டவும் பெரிதாக்கவும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எந்த வேலைக்கும் அதுவே ஒரே வழியாக இருக்கக்கூடாது. பக்கத்தில் அம்புக்குறியும் இருக்க வேண்டும். இன்னொரு கையில் காகிதம் இருக்கிறதே.

வாங்குவதற்கு முன் எப்படிச் சோதிப்பது?

விற்பனையாளர் செய்து காட்டுவதை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அவர் விரல் நூறு முறை பழகியது. உங்கள் அலுவலகத்தில் காப்பியரோடு அதிகம் பழகாத இருவரைக் கூட்டிப் போங்கள். அவர்களிடம் வேலையைச் சொல்லுங்கள், வழியைச் சொல்லாதீர்கள்.

இருபக்க மூலத்திலிருந்து இருபக்கமாக மூன்று செட், ஸ்டேபிளோடு. அடையாள அட்டையின் இரண்டு பக்கமும் ஒரே தாளில். நீண்ட வேலை ஓடும்போது இடையில் நிறுத்தி ஒரு நகல் எடுத்துவிட்டு, பழைய வேலையைத் தொடர்வது. நடுவில் நிறுத்தி ரத்து செய்வது. தாள் தீர்ந்துபோனால் வேறு அளவைப் போட்டு, அதைத் திரையில் சொல்வது. இவ்வளவு போதும்.

பக்கத்தில் பேசாமல் நில்லுங்கள், இதுதான் கடினமான பகுதி. உதவ வாய் துடிக்கும். பேசினால் சோதனை அங்கேயே முடிந்தது. அவர்கள் எந்த இடத்தில் தயங்குகிறார்கள், எதைத் தட்டிவிட்டுத் திரும்பி வருகிறார்கள், திரையில் இருந்தும் எதைப் பார்க்கவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். தவறு செய்தபின் தாங்களாகவே மீண்டு வந்தார்களா என்பதைக் கட்டாயம் பாருங்கள். தவறு எல்லோரும் செய்வார்கள். 'பின்னே' என்பதைத் தட்டியதும் போட்ட செட்டிங் எல்லாம் அழிகிற திரையை நான் வாங்கச் சொல்லமாட்டேன்.

இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது திரையில் எதையாவது அழிக்க வேண்டுமா?

கட்டாயம். முகவரிப் பட்டியல், சேமித்த ஸ்கேன்கள், கடவுச்சொற்கள் எல்லாம் உள்ளே இருக்கும். வன்தட்டு இருந்தால் நகலெடுத்த பக்கங்களின் படங்களும் இருக்கலாம். அமெரிக்காவில் அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்ற காப்பீட்டு நிறுவனம், வாடகைக்கு எடுத்த காப்பியர்களை வன்தட்டைத் துடைக்காமல் திருப்பிக் கொடுத்ததால் 2013-இல் 12 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்துத் தீர்வு காண வேண்டியிருந்தது. அட்மின் பகுதியில் 'எல்லாத் தரவையும் அழி' என்ற தேர்வு இருக்கும். அது முடிய நேரம் எடுக்கும், எடுத்துச் செல்ல ஆள் வரும் நாள் வரை தள்ளிப் போடாதீர்கள். முகப்பில் இருக்கும் ஐகான்களை நீக்குவதை அழித்ததாக எண்ணிவிடாதீர்கள்.

திரை உறைந்துபோனால்?

சில நிமிடம் பொறுங்கள். திரை நின்றாலும் கணினியிலிருந்து வரும் அச்சு வேலை ஓடிக்கொண்டிருக்கலாம். அது முடியட்டும். பிறகு பலகையில் உள்ள பவர் பட்டனைச் சில வினாடி அழுத்திப் பிடியுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் முன்கதவுக்குள்ளோ பக்கவாட்டிலோ இருக்கும் மெயின் சுவிட்சை அணையுங்கள். சுவரில் இருக்கும் பிளக்கைப் பிடுங்காதீர்கள், வன்தட்டில் எழுதிக்கொண்டிருந்தால் கோப்புகள் கெடலாம். விளக்குகள் முழுவதும் அணைந்தபின் அரை நிமிடமாவது விட்டு மறுபடி போடுங்கள். அடிக்கடி இப்படி ஆனால் எந்த ஆப் திறந்திருந்தபோது உறைந்தது என்று எழுதி வைத்து, சர்வீஸுக்கு வருபவரிடம் கொடுங்கள்.